நிழல் இல்லாத மதியம்

பினாங்கு,
ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் எல்லோரும் சுகம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இந்த மாதம் எனக்குப் பகல் ஷிப்ட். அதனால் ஆராதனையில் தூங்கி வழியாமல் உட்கார முடிகிறது. மழைதான் நேரங்காலம் பார்ப்பதில்லை.

சபையில் ஞாயிறு பள்ளிப் பெரிய வகுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சென்ற வாரம் 19-ஆம் சங்கீதம். வானங்கள் தேவ மகிமையைச் சொல்கின்றன என்று வாசித்துவிட்டு, சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டிப்போய் ஒரு கம்பை நட்டேன். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதுவும் பன்னிரண்டு மணிக்கு அல்ல. மலேசியக் கடிகாரம் 120 பாகை தீர்க்கரேகையின் கணக்கில் ஓடுகிறது, பினாங்கு இருப்பதோ 100-ஐ ஒட்டி. அதனால் உச்சிப்பொழுது ஒன்று இருபது வாக்கில்தான். நிழல் குறுகிக் குறுகிக் கம்படியில் ஒடுங்கியதும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் போதகரே வெளியே வந்துவிட்டார்.

அப்போது ஒரு பையன் கேட்டான்: "பூமிதானே சுத்துது அங்கிள், அப்புறம் யோசுவா சூரியனை எப்படி நிறுத்தினார்?"

நல்ல கேள்வி. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவையும் இதே வசனத்தை வைத்துத்தான் மடக்கினார்கள். வேதம் கண்ணுக்குத் தெரிகிறபடி பேசுகிறது, நாமும் இன்றுவரை சூரியன் உதித்தது என்றுதானே சொல்கிறோம் என்றேன். அந்த நாளில் நடந்தது என்ன என்பதைக் கம்பை நட்டு அளக்க முடியாது என்றும் சொன்னேன். மூப்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. அறிவியல் எல்லாம் வேதத்தில் முன்பே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா என்றார்.

எனக்கு அந்த வழி சரியாகப் படவில்லை, அப்பா. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு குருவானவர் (கத்தோலிக்கர்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்). 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அதிலிருந்து வளர்ந்த, பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற கருத்தைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, லெமைத்ருக்கே அதில் உடன்பாடில்லை. நாளைக்குக் கணக்கு மாறினால் விசுவாசமும் கூடவே ஆட வேண்டுமா? வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. சங்கீதக்காரன் ஏன் அப்படிப் பாடினான் என்று புரிந்துவிட்டது. அடுத்த வாரம் பட்டாணிச்செடியும், அதை வளர்த்து மரபு விதிகளைக் கண்ட துறவி மெண்டலும். மூப்பரையும் அழைத்திருக்கிறேன், பார்ப்போம்.

நம் ஊர் நாசரேத்தில் இந்த நிழல் இல்லாத மதியம் ஏப்ரல் 12 வாக்கில் வரும். இந்தக் கடிதம் வருவதற்குள் அது போய்விடும். ஆகஸ்ட் 30-ஐ ஒட்டி மறுபடி வரும், மதியம் 12.20-க்குச் சற்று முன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கம்பு நேராக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மருந்துக்குப் பணம் போட்டிருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
சாமுவேல்