தைராய்டு கட்டிக்கு ஊசிவழிச் சிகிச்சை கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
குழித்தறி நெசவாளர்,
மேலத் தெரு, நெசவாளர் காலனி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: புற்றுநோய் அல்லாத தைராய்டு கட்டிக்குக் கத்தி வைக்காமல் செய்யும் ஆர்.எஃப்.ஏ. சிகிச்சையை அரசு மருத்துவமனையிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் கிடைக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: திங்கள்கிழமை குறைதீர் கூட்டங்களில் நான் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 7 கைத்தறி தினத்தன்று வந்தபோது தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகள், கட்டியிருந்தது. அதனால் காரைத் தண்ணீர்த் தொட்டி முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தீர்கள். அந்தத் தொட்டிக்கு எதிர் ஓட்டு வீடுதான் என்னுடையது. இதே விஷயமாக முன்பு மனு கொடுத்தபோது, "உங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று போனுக்கு மெசேஜ் வந்தது. அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஆகவே மறுபடியும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

1. எனக்கு வயது 46. தைராய்டின் வலது பக்கம் 4.2 சென்டிமீட்டர் அளவில் கெட்டியான கட்டி. இடது பக்கம் சின்னதாக இரண்டு இருக்கின்றன, அவற்றால் தொந்தரவு இல்லை. ஊசி டெஸ்ட் இரண்டு தடவை எடுத்தாகிவிட்டது. இரண்டிலும் புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டி என்றே வந்தது. தைராய்டு வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை அளவும் சரியாக இருக்கிறது.

2. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்பதும் தெரியும். ஆனால் மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்ட்டரில், "ஆபரேஷன் என்றால் கார்டில் பண்ணலாம், நீங்கள் சொல்கிற ஊசி சிகிச்சை லிஸ்டில் இல்லை" என்றார்கள். தனியாரில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகை எங்கள் வீட்டின் ஒரு வருடக் கூலியை ஏறக்குறைய விழுங்கிவிடும்.

3. என் கஷ்டத்தைச் சொல்கிறேன். தயவுசெய்து இதை மட்டுமாவது முழுவதும் படியுங்கள்.

ஊடு இழையைக் கொண்டுபோகும் நாடா ஓடுகிறவரை எனக்குச் சமாளிக்க முடிகிறது. இழை அறுந்தால்தான் ஆபத்து. பட்டுப் பாவில் இழை அறுவது தினமும் நடப்பது. அறுந்த நுனி, தறியில் சீப்பு போல இருக்கும் அச்சில் எந்தப் பல்லில் வர வேண்டியது என்று பார்க்க, தாடை நெஞ்சில் படுகிற அளவுக்குத் தலையைக் கவிழ்க்க வேண்டும். மெல்லிய இழை, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படிக் கவிழ்ந்ததுமே கட்டி மூச்சுக்குழாயை அமுக்குகிறது. மூச்சை இழுத்தால் விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது. நுனியைப் பிடித்து, விழுதின் நூல் கண்ணில் கோத்து, பல்லில் வாங்கி, முடி போடுவதற்குள் நிமிர்ந்து மூச்சு வாங்கியாக வேண்டும். நிமிர்ந்தால் நுனி கையை விட்டுப் போய்விடுகிறது. மறுபடி குனிய வேண்டும், மறுபடி தேட வேண்டும். பக்கத்தில், கரையைச் சேலை உடலோடு இணைக்கும் கோர்வை போட உட்கார்ந்திருக்கும் என் நாத்தனார் மகளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள், அவள் கூலியும் அதோடு போகிறது. முன்பு ஒரு வாரத்தில் நெய்து முடித்த சேலை இப்போது பத்து நாளைத் தாண்டுகிறது. கூலி சேலைக்குத்தான் அம்மா, நாளுக்கு இல்லை. அவசரத்தில் முடி சரியாக விழாமல் சேலையில் கோடு தெரிந்தால் அதற்கும் கூலியில் பிடிப்பார்கள்.

சோறு ரசத்தில் கரைத்தால்தான் இறங்குகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறேன். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். தறியில் குனிய முடியாததைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது.

4. ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆபரேஷனையோ டாக்டர்களையோ நான் குறை சொல்லவில்லை. புற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால் நானே முதலில் போய்ப் படுத்திருப்பேன். ஆனால் இரண்டு பக்கமும் கட்டி இருப்பதால் சுரப்பியை முழுவதும் எடுத்துவிடுவோம் என்கிறார்கள். சரியாக வேலை செய்கிற சுரப்பியை எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. சுரப்பிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னச் சுரப்பிகள் அடிபட்டால் கால்சியம் இறங்கிவிடும். பெரும்பாலோருக்கு அது கொஞ்ச காலத்தில் சரியாகிவிடுமாம், சிலருக்குச் சரியாவதில்லை. கால்சியம் இறங்கினால் முதலில் தெரிவது விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும்தான். மரத்துப்போகும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், விரல் இழுத்துக்கொள்ளும். மேலத் தெருவிலேயே ஆபரேஷன் முடித்த அக்கா ஒருவர் மாதக்கணக்கில் நாடாவைத் தொட முடியாமல் இருந்தார். பட்டு இழையை நாங்கள் கண்ணால் பாதி, விரலால் பாதிதான் பார்க்கிறோம். அந்த விரல் போனால் எங்களுக்கு என்ன மிச்சம்?

5. என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் படித்துச் சொன்னதையும், ஸ்கேன் எடுத்த டாக்டர் விளக்கியதையும் வைத்து எழுதுகிறேன். ஆர்.எஃப்.ஏ. சிகிச்சையில் கழுத்தில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுகிறார்கள், மயக்க மருந்து கிடையாது. கழுத்து நடுவிலிருந்து ஒரு மெல்லிய ஊசியை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலைச் சூட்டில் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்குகிறார்கள். குரல் நரம்பு ஓடும் மூலையை ஒதுக்கிவிட்டு, அடிப் பகுதியில் தொடங்கி ஊசியை நகர்த்திக்கொண்டே வருகிறார்கள். நோயாளி விழித்திருப்பதால் அவ்வப்போது பேசச் சொல்லிக் குரலையும் சோதித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். தழும்பு இல்லை. கருகிய பகுதியை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொண்டு, ஆறு மாதம் ஒரு வருடத்தில் கட்டி பாதிக்கும் மேல் சுருங்குகிறது. சுரப்பியும் மிஞ்சுகிறது. நூற்றில் ஒருவர் போலக் குரல் மாற்றம் வரலாம், சில கட்டிகள் சில வருடம் கழித்து மறுபடி வளரலாம் என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். சரி, இரண்டாவது தடவையும் செய்துகொள்கிறேன்.

இது நேற்று வந்த வைத்தியமும் இல்லை. தென் கொரியாவில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே செய்கிறார்கள். இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2016-லேயே இதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கிடைத்தது. கட்டி சாதாரணமானதுதான் என்று இரண்டு முறை ஊசி டெஸ்டில் உறுதியாக வேண்டும், தொந்தரவு தருவதாக இருக்க வேண்டும் என்பவைதான் முக்கிய நிபந்தனைகள். இரண்டும் எனக்குப் பொருந்துகின்றன.

6. எங்கள் தெருவிலேயே இன்னொரு பெண்ணுக்குத் தைராய்டில் நீர்க்கட்டி. ஊசியால் நீரை உறிஞ்சி அனுப்புகிறார்கள், மறுபடி நிரம்பிவிடுகிறது. இப்படித் திரும்பத் திரும்ப நிரம்பும் நீர்க்கட்டிக்கு, நீரை எடுத்துவிட்டுச் சுத்தமான ஆல்கஹாலை ஊசியால் செலுத்துகிற சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பெரிய மெஷினே தேவையில்லை. இதையாவது உடனே தொடங்கலாமே? எதற்காகத் தாமதம்?

7. அம்மா, கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் எத்தனை காலம்தான் மனுவையே எழுதிக்கொண்டிருப்பது? ஸ்கேன் மெஷின் அரசிடம் இருக்கிறது. ஸ்கேன் பார்க்கத் தெரிந்த டாக்டர்கள் அரசிடம் இருக்கிறார்கள். ஈரல் கட்டியைக் கருக்குவதற்கும் இதே ரேடியோ அலை முறைதான். தைராய்டுக்குத் தேவையான சின்ன ஊசியும், டாக்டருக்குப் பயிற்சியும்தான் நாங்கள் கேட்பது. முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்ல வேண்டாமா? "துறைக்கு அனுப்பப்பட்டது" என்றால் எந்தத் துறை, யார் மேஜை? இழை அறுந்த இடத்தைக் காட்டு என்று முதலாளி கேட்டால் நான் காட்டித்தான் ஆக வேண்டும். என் மனு எங்கே அறுந்து கிடக்கிறது என்று எனக்குக் காட்ட யாருமே இல்லையா?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இந்தச் சிகிச்சையைக் காப்பீட்டுப் பட்டியலில் சேர்க்க அரசுக்குப் பரிந்துரை எழுதுங்கள். நம் மாவட்டத்தில் செய்ய வசதி வரும்வரை, செய்கிற இடம் அரசு மருத்துவமனைகளில் எங்காவது இருந்தால் அங்கே அனுப்பச் சொல்லுங்கள், எவ்வளவு தூரமானாலும் போய் வருகிறேன். நீர்க்கட்டிக்கு ஆல்கஹால் ஊசியை இங்கேயே தொடங்கச் சொல்லுங்கள். காலனியில் ஒரு நாள் ஸ்கேன் முகாம் நடத்தினால், எங்கள் பெண்களில் இன்னும் எத்தனை பேர் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தங்களுக்கே தெரியும்.

ஐப்பசியில் முகூர்த்தச் சேலைக்கு ஆர்டர் வரும், அதற்குள் குனிந்து நெய்கிற நிலைக்கு நான் வர வேண்டும். தயவுசெய்து இந்த முறை எழுத்தில் ஒரு பதில் தாருங்கள். சரி என்றாலும் முடியாது என்றாலும் காரணத்தோடு தாருங்கள். மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கேன் ரிப்போர்ட், ஊசி டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், காப்பீட்டு அட்டை, முந்தைய மனு ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழித்தறி நெசவாளர்,
மேலத் தெரு, தண்ணீர்த் தொட்டி எதிரில்.