இனி என் பேர்ல என் கையெழுத்து மட்டும், அக்கா

அக்கா,

நேத்து பேங்க்ல கையெழுத்துப் போட்டுட்டேன். என் பேர்ல மட்டும். சிறுதொழிலுக்குப் பேங்க் தர்ற முத்ரா கடன், அதுல கிஷோர் பிரிவு, 50,000 ரூபாய்க்கு மேல தர்றது. அடமானம் கேக்கல, நம்ம மகளிர் சுய உதவிக் குழுத் தீர்மானமும் கேக்கல. இன்னொரு ஓவர்லாக், ஒரு பிளாட்லாக்னு ரெண்டு தையல் மெஷின் வருது. முன்ரூமைக் காலி பண்ணி வயரிங் ஓடிட்டு இருக்கு. கூடத் தைக்க ரெண்டு பொண்ணுங்களைச் சொல்லி வெச்சிருக்கேன்.

குழுவுல இருந்து விலகிக்கறேன். நேர்ல சொன்னா நீங்க அழுவீங்க, நானும் பேச்சை மாத்திருவேன். வாட்ஸப்புல தனியா அனுப்பியிருக்கலாமேன்னு கேப்பீங்க. என்னைப் பத்தி நீங்க பேசினதெல்லாம் நாலு பேர் முன்னாடிதானுங்களே அக்கா? அதனால நாலு பேர் படிக்கற இடத்துலயே நானும் எழுதறேன்.

எங்களை விட்டுட்டுப் போனவரைப் பத்தி இதுல ஒரு வரியும் வராது. பையன் இப்ப எல்லாத்தையும் படிக்கறான்.

உங்க திண்ணையில நடந்த அந்த மீட்டிங்தான் எழுத உட்கார்ந்ததுல இருந்து முன்னாடி வந்து நிக்குது. முதல் வங்கிக் கடனுக்குத் தீர்மானம் போடற நாள். நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. ‘ராத்திரியோட ராத்திரியா இவ வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனா யார் கட்டறது?’ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. யாருன்னு எழுத மாட்டேன். அவங்களும் இதைப் படிப்பாங்க, இன்னைக்கு எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க. கேட்டதுல நியாயமும் இருந்துச்சு. ஒருத்தி தவணை நின்னா அடுத்த கடன் குழுவுக்கே நிக்கும். அத்தனை பேரும் சனிக்கிழமை சம்பளத்துல வயித்தைக் கட்டிச் சேர்த்த காசு.

நீங்க ஒண்ணும் பேசல. தீர்மான நோட்டை மடியில வெச்சு எழுதினீங்க. அப்புறம் நோட்டைத் தூக்கிப் பிடிச்சு, ‘இவ கட்டலைன்னா என் சேமிப்புல கழிச்சுக்கலாம்’னு படிச்சீங்க. படிச்சிட்டுப் பக்கத்துல தள்ளினீங்க. ஒவ்வொருத்தரா கையெழுத்து. கடைசியா உங்க மாமியார் பெருவிரலை மையில ஒத்தி வெச்சு, மிச்ச மையைத் திண்ணைத் தூண்ல தேய்ச்சாங்க. நான் தலையைத் தூக்கவே இல்ல, அந்தத் தூணையே பார்த்துட்டு இருந்தேன். பெத்தவங்க வீட்டுல கதவு அடைச்ச பின்னாடி, எனக்காக ஒருத்தர் பொறுப்பேத்தது அன்னைக்குத்தான்.

ஆனா அக்கா, அந்த வார்த்தை நோட்டோட நிக்கல. ரேஷன் கடை வரிசையில சொன்னீங்க. சீர் வீட்டுப் பந்தியில, எனக்கு இலை போட்டுட்டு இருக்கும்போதே சொன்னீங்க. ‘நான் மட்டும் அன்னைக்குச் சொல்லலைன்னா...’ன்னு நீங்க ஆரம்பிச்சதும் கேக்கறவங்க என் முகத்தைப் பார்ப்பாங்க, நான் சிரிக்கணும். தவணை ஒரு மாசமும் தவறல. குழுச் சேமிப்புல இருந்து வாங்கின உள்கடனுக்கு நூத்துக்கு ரெண்டு வட்டியையும் கேக்கறதுக்கு முன்னாடியே கட்டினேன். கடன் தீர்ந்துச்சு, அந்தப் பேச்சு தீரல.

நான் வீட்டுல தைக்கற துணி பீஸ் இறக்க கம்பெனி டெம்போ ராத்திரி வந்தா மறுநாள் காலையில விசாரணை. ‘ஆம்பளை இல்லாத வீடு கண்ணு, பார்த்துக்க.’ அக்கறைதான், தெரியும். கம்பெனியில பகல் ஷிப்ட் முடிஞ்சுதான் வெளிவேலைக்கு வண்டி கிளம்பும்னு உங்களுக்கும் தெரியும். டெம்போ ஓட்டினவர்கிட்ட நீங்க கேட்டதை இங்கே எழுதல. அந்தக் கம்பெனி வேலை அதோட எனக்கு நின்னு போச்சு, அவ்வளவுதான்.

இதை எழுதிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். திரும்ப வந்து உட்கார்ந்தா வேறதான் ஞாபகம் வருது. அங்கன்வாடி விட்டதுல இருந்து நான் ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் பையன் உங்க வீட்டுலதான். ஒரு நாளும் அவனைப் பசியோட எங்கிட்ட கொடுத்ததில்ல. கைவிடப்பட்டவள்னு சான்று வாங்க நான் நடந்தப்ப, பக்கத்து வீட்டுச் சாட்சியா அரைநாள் கூலியை விட்டுட்டு வந்து நின்னீங்க. உதவித்தொகைக்கு 30 வயசு ஆகியிருக்கணும், விட்டுட்டுப் போய் 5 வருஷம் ஆகியிருக்கணும்னு அங்க சொன்னப்ப, ‘அதுவரைக்கும் இவ என்ன மண்ணையா தின்பா?’ன்னு சத்தம் போட்டீங்க. வீட்டுல இருந்துட்டே தைக்கற வேலையைத் தேடிக் கொடுத்ததும் நீங்கதான். 2020ல கம்பெனியெல்லாம் பூட்டினப்ப என் வீட்டுல அடுப்பு எரிஞ்சுது உங்க அரிசியில. இதையெல்லாம் நீங்க யாருகிட்டயும் சொன்னதே இல்ல. அந்த ஒண்ணை மட்டும் ஏன் அக்கா?

நன்றி கெட்டவள்னு நினைப்பீங்க. மன்னிச்சுக்கோங்க. ஆனா போறது போறதுதான். நீங்க பொறந்த தருமபுரியிலதான் 1989ல தமிழ்நாட்டுலயே முதல்ல இந்தக் குழுக்கள் ஆரம்பமாச்சுன்னு புதுசா வர்ற ஒவ்வொருத்திகிட்டயும் சொல்வீங்களே, பொம்பளைங்க யார் கையையும் எதிர்பார்க்காம நிக்கறதுக்குத்தான்னு. அதை நான் நிஜமாத்தான் கேட்டுட்டு இருந்தேன்.

போன மாசம் சேர்ந்திருக்கற பொண்ணு, கைக்குழந்தையோட வருதே, அது கடன் கேக்கும்போதும் யாராவது அதே கேள்வியைக் கேப்பாங்க. நீங்களும் அதே மாதிரி எழுதிக் கொடுப்பீங்க, எனக்குச் சந்தேகமே இல்ல. எழுதுங்க. பந்தியில மட்டும் சொல்லாதீங்க.

என் சேமிப்புக் கணக்கைப் பார்த்து வைங்க. ஞாயித்துக்கிழமை பையனையும் கூட்டிட்டு வர்றேன். பெரியம்மா வீட்டு அரிசிம்பருப்புதான் வேணுமாம் அவனுக்கு. நான் செய்யறது அப்படி இல்லையாம்.