அந்த ‘வெறும் கண்ணாடி’

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், சூட்டைப் படமாக்கும் தெர்மல் கேமரா பற்றிய கட்டுரையில், “சென்சார் சிப்பை நாமே செய்துவிட்டால் போதும், மீதி வெறும் கண்ணாடிதானே” என்று ஒரு வரி. இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் லென்ஸ் கடைபவர்கள் படித்தால் சிரிப்பார்கள். தங்களுக்குத் தெரியாததல்ல, இந்தக் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை. அங்கே ஜன்னல் கண்ணாடியும் செங்கல் சுவரும் ஒன்றுதான். குப்பை கட்டும் கறுப்பு பிளாஸ்டிக் பை எவ்வளவோ மேல், அதன் வழியாகவாவது ஆள் தெரிவார்.

ஆகவே லென்ஸுக்கு ஜெர்மானியம். அதன் ஒளிவிலகல் எண் 4. பூச்சில்லாமல் வைத்தால் லென்ஸின் ஒவ்வொரு முகத்திலும் 36 சதவீதக் கதிர் திரும்பிப் போய்விடும். இரண்டையும் கடந்து வருவது பாதிகூட இல்லை. அதைத் தடுக்க, சுமார் ஒரு மைக்ரான் கனத்துக்குத் துத்தநாக சல்பைடு பூச்சு ஏற்ற வேண்டும். பரப்பில் அழுக்கிருந்தால் உரிந்து வந்துவிடும். சூடு ஏறினால் ஃபோகஸ் நழுவும், 100 டிகிரியைத் தாண்டினால் ஜெர்மானியமே கதிரை விழுங்கும். போதாததற்கு, 2023 ஆகஸ்டிலிருந்து சீனா இதன் ஏற்றுமதிக்கு உரிமம் கேட்கிறது.

மாற்று, செலினியம் கலந்த சால்கோஜெனைடு கண்ணாடி; இந்தக் கதிரை உள்ளே விடும் தனி ரகம். அச்சில் அழுத்தியே லென்ஸ் எடுக்கலாம். ஆனால் காற்றை இழுத்து மூடிய குவார்ட்ஸ் குழாயில், உலையை ஆட்டிக்கொண்டே உருக்க வேண்டும். ஜெர்மானியமும் சேர்ந்த கலவையில் துளி ஆக்சிஜன் தங்கினாலும் 12.8 மைக்ரான் பக்கம் கதிர் விழுங்கப்பட்டு, கடந்து வரும் அளவில் பள்ளம் விழும். பதமாக ஆற்றாவிட்டால் விரிசல். இதுவா வெறும் கண்ணாடி?

கொரோனா காலத்தில், மால் வாசல் கேமரா “உடம்புக்குள் இருக்கும் காய்ச்சலைப் பார்க்கும்” என்றீர்கள். அது பார்ப்பது தோலின் சூட்டை. வெயிலில் நடந்து வந்தவருக்கெல்லாம் காய்ச்சல்! திருத்தம் வரவில்லை. ராசிபலனுக்கே இரண்டு பக்கம் போய்விடுகிறது, பாவம்.

மின்சாரப் பலகையைக் கேமராவால் பார்க்கச் சொல்லும் ‘பேனலை நீங்களே சோதியுங்கள்’ பெட்டிச் செய்தியோ ஆபத்து. அதற்குள் மின்சாரம் கடத்தும் பளபளக்கும் செப்புப் பட்டை, அதாவது பஸ்பார், தன் சூட்டைக் காட்டாது, எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் பிரதிபலிக்கும். கொதிநீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பைக் கேமராவில் பாருங்கள், நாற்பது சொச்சம் டிகிரிதான் வரும். அதிலேயே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, கேமராவில் எமிசிவிட்டியை (பரப்பு சூட்டைக் கதிராக வெளிவிடும் திறனை) 0.95 என்று வையுங்கள். டேப் மேல் எண்பதைத் தாண்டும். பஸ்பாரில் ஒட்டுவதானால் மெயினை அணைத்த பிறகு. இதை எழுத இரண்டு வரி போதுமே?

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். கூடவே, மூடிய ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் செக்கச்செவேலென்று நிற்கும் அந்த முகப்புப் படத்தை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
பெங்களூரு