எரிவாயுவுக்கு மானியம், பிரித்துக் கொடுப்பவருக்கு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகளுக்கு மானியம் என்று செய்தி வரும்போதெல்லாம் ஆர்வமாகப் படிக்கிறேன். நல்ல திட்டம்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணம் எதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் கோளாறு.

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து வாசலுக்கு வந்து பாருங்கள். சாப்பிட்ட வாழை இலைகளை மூட்டை மூட்டையாகக் கட்டிப் போட்டிருப்பார்கள். எரிவாயுவுக்கு நல்ல சரக்கு. ஆனால் மூட்டையை அவிழ்த்தால் இலைக்கு நடுவே தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப், கை துடைத்த பேப்பர், சாம்பாரில் ஊறிய பாலிதீன் பை. தூய்மைக் காவலர் அக்கா ஒருவர் கையுறை கூட இல்லாமல் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். முடிந்த வரை பிரிப்பார், வெயில் ஏறிவிட்டால் மிச்சம் அப்படியே குப்பைக் கிடங்குக்குப் போய்விடும். வீட்டில் நாங்கள் மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று தனித்தனியாக வைத்தாலும் வண்டியில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது.

இப்போது மானியத்துக்கு வருவோம். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022-ல் அறிவித்த உயிரி எரிசக்தித் திட்டத்தில், ஒரு நாளைக்கு 4,800 கிலோ எரிவாயு எடுக்கும் புதிய ஆலைக்கு 4 கோடி ரூபாய் என்ற கணக்கில் உதவி. எடுத்த வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ள பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டம் 2018 முதல் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் என்று 2023-ல் ஒப்புதல் ஆனது, அது உரத் துறை. ஊர்க் குப்பையோ தூய்மை இந்தியா திட்டத்தின் கீழ் இன்னொரு அமைச்சகத்தில். வாயுவுக்கு ஒருவர், உரத்துக்கு ஒருவர், குப்பைக்கு ஒருவர். குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன, சரி, ஆனால் மேலே சொன்ன மானியக் கணக்கில் பிரிக்கிற வேலைக்கு இடமே இல்லை.

இதனால் என்ன ஆகும்? ஆலை நடத்துபவர் இடத்தில் இருந்து யோசியுங்கள். பாட்டிலும் பையும் கலந்த ஊர்க் குப்பையை வாங்கினால் இயந்திரம் அடைக்கும், வாயு குறையும். சர்க்கரை ஆலைக் கழிவோ, சாணமோ, வைக்கோலோ வாங்கினால் பாட்டில், பை தொல்லை இல்லை. எதை வாங்கினாலும் மானியம் ஒன்றுதான் என்றால் அவர் எதை வாங்குவார்? வைக்கோலையும் உமியையும் வேளாண் கழிவு என்று எழுதிவிடுகிறார்கள், டெல்டாவில் மாடு வைத்திருக்கிற யாரும் வைக்கோலைக் கழிவு என்று சொல்ல மாட்டார்கள். அறுவடை முடிந்து கட்டுக் கட்டாக லாரியில் ஏற்கெனவே வெளியூர் போகிறது, ஆலைகளும் போட்டிக்கு வந்தால் எங்கள் மாட்டுக்கு என்ன மிஞ்சும்? குப்பை மேடு மட்டும் குறையாது.

கட்டுவதற்கு மட்டும் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் கொல்லையிலேயே பார்க்கிறேன். அப்பா மானியத்தில் 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் கட்டினார். அதற்கு நாளைக்கு 50 கிலோ சாணமாவது வேண்டும். ஐந்து மாடு இருந்த வரைக்கும் சோறும் குழம்பும் அந்த அடுப்பில்தான். மாடு இரண்டாகக் குறைந்ததும் ஜுவாலை மங்கி, அப்புறம் நின்றே போனது. இன்று அதன் மேல் பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது. ஓடுகிறதா என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை.

நான் கேட்பது இதுதான். ஆலையின் அளவைப் பார்த்துத் தரும் பணத்தில் ஒரு பங்கை, பிரித்த ஊர்க் குப்பை எத்தனை டன் உள்ளே போனது என்று எடை போட்டுக் கொடுங்கள். அதில் ஒரு பகுதி பிரித்துக் கொடுத்த ஊராட்சிக்கும் தூய்மைக் காவலர்களின் கூலிக்கும் போகட்டும். தாராசுரம் காய்கறி மார்க்கெட், கல்யாண மண்டபங்கள், ஓட்டல்கள் என்று மட்கும் குப்பை ஒரே இடத்தில் சேரும் இடங்களிலிருந்து தொடங்கலாம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பிரித்துத் தரத் தயாராக இருக்கிறோம். இலைக்குத் தனியாக ஒரு வண்டி வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம் வட்டம்