வரியை உடைக்காமல் கொடுங்கள்: மின்னுரைத் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் ஓட்டி, பிழை திருத்தி, எளிய உரைக் கோப்பாகப் பொதுவில் வைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் உழைப்பை ஓசியில் அனுபவிக்கிறவன் நான். அப்படிப்பட்டவன் குறை சொல்வது அழகில்லைதான், இருந்தாலும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். உரைநடை நூல்களில், அச்சுப் பக்கத்தில் வரி எங்கே முடிந்ததோ அங்கேயே கோப்பிலும் என்டர் தட்டி வைக்காதீர்கள். ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருக்கட்டும், பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு வெற்று வரி இருந்தால் போதும். மடித்துக் காட்டும் வேலையைப் படிக்கிறவரின் போனோ கிண்டிலோ எடிட்டரோ பார்த்துக்கொள்ளும்.

"அதுக்கென்ன, எஃப்எம்டி கட்டளை இருக்கிறதே, வரிகளை எல்லாம் சேர்த்து வேண்டிய அகலத்தில் திரும்ப அடுக்கிக் கொடுத்துவிடுமே" என்று லினக்ஸ் பழகியவர்கள் சொல்வீர்கள். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. பெர்க்லி யூனிக்ஸ் காலத்திலிருந்து வருவது. லினக்ஸில் இருக்கும் குனு பதிப்பு, டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் பத்தியை வரிகளாகப் பிரிப்பது பற்றி எழுதிய கட்டுரையின் வழியில் போகிறது. அதாவது வரி நிறைந்ததும் உடைப்பது என்றில்லாமல், பத்தி மொத்தத்தையும் பார்த்து எங்கெங்கே உடைத்தால் ஓரம் சீராக வரும் என்று கணக்குப் போடும். வாக்கியத்தின் முதல் சொல் வரிக் கடைசியில் தனியாகத் தொங்கக்கூடாது என்பதுவரை கவனிக்கும். இவ்வளவு நாசூக்கு பார்க்கிற நிரல் தமிழில் வந்து சறுக்குகிறது, ஏனென்றால் அது எழுத்தை எண்ணுவதில்லை, கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகான பைட்டை எண்ணுகிறது.

யூனிகோடு எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். க, ப போன்றவற்றுக்கு ஒரு குறியீடு, அதோடு சேரும் காலுக்கோ கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னொன்று. ‘போகிறார்கள்’ என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து, கோப்புக்குள் 11 குறியீடு, 33 பைட். எஃப்எம்டியின் இயல்பான அகலம் 75, அது குறி வைப்பது அதில் 93 சதவீதம், ஏறக்குறைய 70. இந்தச் சொல் இரண்டும் நடுவில் ஓர் இடைவெளியும் சேர்ந்தால் 67 ஆகிவிடும், வரி நிறைந்தது என்று அது அடுத்த வரிக்குப் போய்விடும். கிடைப்பது இரண்டு மூன்று சொல் அகலத்தில் பக்கத்தின் இடது ஓரமாக இறங்கும் ஓர் ஒல்லியான பட்டை.

சரி, அகலத்தைக் கூட்டிக் கொடுக்கலாமே? கொடுக்கலாம், ஆனால் நடுவில் ஆங்கில மேற்கோள் வந்தால் அந்த வரிகள் மட்டும் இரண்டு மூன்று மடங்கு நீண்டு நிற்கும். மடிப்பே வேண்டாம், பத்தியை ஒரே வரியாக்கு என்று பெரிய எண்ணாகக் கொடுக்கப் பார்த்தால், 2500தான் உச்சம், 2501 என்று கொடுத்தால் செல்லாத அகலம் என்று நின்றுவிடும். 2500 பைட் என்றால் தமிழில் 830 குறியீடு சொச்சம், சுமார் நூறு சொல். நம் பழைய உரைநடைக்காரர்களில் சிலர் நூறு சொல்லில் ஒரு வாக்கியத்தையே முடிக்கமாட்டார்கள், பத்தி எங்கே முடிவது!

நீண்ட வரியை ஒரே அளவில் வெட்டித் தரும் ஃபோல்ட் கட்டளை இன்னும் மோசம். இன்னும் பல கணினிகளில் இருக்கும் பதிப்பு 80ஆவது பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும், அந்த வெட்டு ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே விழுவதற்கே வாய்ப்பு அதிகம், விழுந்தால் அந்த எழுத்து செத்துப்போய் இரண்டு பக்கமும் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறிதான் மிஞ்சும். (யூனிகோடுக்கு முன்பு புழங்கிய திஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றத்தின் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஒரு வடிவத்துக்கு ஒரு பைட் என்பதால் பைட் கணக்கும் கண் கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போகும். யூனிகோடுக்கு வந்து நாம் பெற்றது ஏராளம், இதை மட்டும் போகிற வழியில் விட்டுவிட்டோம்.)

பைட் கணக்கு திருத்தக்கூடிய கோளாறுதான். மேக்கில் இருக்கும் பிஎஸ்டி (பெர்க்லி யூனிக்ஸ்) வழி எஃப்எம்டி எழுத்தாகவே எண்ணுகிறது, பைத்தானில் பத்து வரி எழுதினாலும் வேலை முடிந்துவிடும். எந்த நிரலாலும் திருத்த முடியாத இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்த மடலே.

தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எந்த எழுத்துக்குப் பிறகும் ஒடிப்பார்கள். இடைக்கோடு போட்டு ஒடித்தவர்கள் உண்டு, ஆனால் பழைய பதிப்புகள் பலவற்றில் கோடும் கிடையாது, ‘வந்திருக்’ என்று ஒரு வரி முடியும், ‘கிறார்கள்’ என்று அடுத்தது தொடங்கும். எஃப்எம்டி ஆகட்டும் வேறு எந்தக் கருவி ஆகட்டும், வரிகளைச் சேர்க்கும்போது நடுவில் ஓர் இடைவெளி வைத்துத்தான் சேர்க்கும். ‘வந்திருக் கிறார்கள்’ என்று வந்தால் படிக்கிறவர் எப்படியோ புரிந்துகொள்வார், அகராதியை வைத்து நிரலாலும் ஒட்டிவிடலாம். ஆனால் வரி ‘வர’ என்று முடிந்து அடுத்தது ‘வேண்டும்’ என்று தொடங்கினால்? ஆசிரியர் சேர்த்து எழுதினாரா, பிரித்து எழுதினாரா? வரி ‘பல’ என்று முடிந்து அடுத்தது ‘கை’ என்று தொடங்கினால் அது மரப்பலகையா, நிறைய கைகளா? பக்கத்தைக் கண்ணெதிரில் வைத்திருப்பவர் முன்பின் நாலு வரி பார்த்து, அந்த ஆசிரியர் வழக்கமாக எப்படி எழுதுகிறார் என்றும் பார்த்து ஒரு நொடியில் முடிவு செய்துவிடுவார். அந்த ஆள் நீங்கள்தான். நீங்கள் முடிவு செய்யாமல் விட்டதை, பக்கத்தைப் பார்க்காமல் கோப்பை மட்டும் இறக்கிக்கொள்ளும் ஆயிரம் பேரில் ஒருவராலும் முடிவு செய்ய முடியாது.

தேடலும் இதில்தான் அடிபடுகிறது. கோப்பில் சொல்லைத் தேடித் தரும் கிரெப் கட்டளை வரி வரியாகத் தேடுவது. ‘கப்பல் கம்பெனி’ என்று தேடும்போது ‘கப்பல்’ ஒரு வரியின் கடைசியிலும் ‘கம்பெனி’ அடுத்ததன் முதலிலும் இருந்தால் அந்த இடம் சிக்காது. ஒரு சொல் எந்த ஆண்டு நூலில் முதலில் வருகிறது என்று தேடுகிறவர், கிடைக்கவில்லை என்றால் இல்லை என்றே எழுதிவிடுவார்.

செய்யுளுக்கு இது எதுவும் பொருந்தாது. குறளில் முதல் அடி நான்கு சீர், இரண்டாவது மூன்று, அந்த முறிவு யாப்பு தந்தது, அதைத் தொடக்கூடாது. எஃப்எம்டிக்கு அது தெரியாது, இரண்டையும் சேர்த்து ஒரு பத்தியாக்கிவிடும். உள்தள்ளி வைத்தால் தப்பிக்கும் என்று நினைக்காதீர்கள், ஒரே அளவு உள்தள்ளிய வரிகளை அது தாராளமாகச் சேர்க்கும். போதாக்குறைக்கு எண்சீர் விருத்தத்தின் ஓர் அடியைப் பக்கத்தில் இடம் போதாமல் இரண்டாக மடித்து அச்சிட்டிருப்பார்கள், அதில் எது அடி முடிவு எது மடிப்பு என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். செய்யுள் வரி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு செங்குத்துக் கோடும் ஓர் இடைவெளியும் போட்டுவிடுங்கள். கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேண்டாக் நிரல், அதை வரிகளை உள்ளபடியே வைக்க வேண்டிய பகுதி என்று புரிந்துகொண்டு இபப்பிலும் பிடிஎஃப்பிலும் சரியாகக் கொண்டுவந்துவிடும்.

திருத்தங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் நிரலில் வைத்துத் திருத்துகிறவர்களுக்கு ஓர் ஆட்சேபம் இருக்கும். பத்தி ஒரே வரியானால் ஒற்று ஒன்றைத் திருத்தினாலும் பத்தி முழுக்க மாறியதாகக் காட்டுகிறதே என்பார்கள். நியாயம்தான். ஆனால் சொல் அளவில் வேறுபாடு காட்டும் வசதி கிட்டிலேயே இருக்கிறது. அது பிடிக்கவில்லை என்றால் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று வையுங்கள், பிரையன் கெர்னிகன் 1974லேயே யூனிக்ஸ் பழகுபவர்களுக்குச் சொன்ன யோசனைதான். வாக்கியம் முடியும் இடம் ஆசிரியர் வைத்தது, அங்கே உடைத்தால் எதுவும் தொலைந்துபோகாது.

வேலை கூடுமே என்கிறீர்களா? கூடும், ஆனால் எப்படியும் பிழை திருத்த வரி வரியாகத்தான் போகிறீர்கள். விம் எடிட்டரில் பெரிய ஜே அழுத்தினால் அடுத்த வரி இடைவெளியோடு வந்து சேரும், சின்ன ஜியும் பெரிய ஜேயும் அழுத்தினால் இடைவெளி இல்லாமல் சேரும். முழுச் சொல்லில் முடிந்த வரிக்கு முதலாவது, ஒடிந்த வரிக்கு இரண்டாவது. டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரல் ஒவ்வொரு பக்க முடிவிலும் ஒரு பக்கப் பிரிப்புக் குறியை வைக்கும், அங்கே மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. பக்கத் தலைப்பும் எண்ணும் பத்திக்கு நடுவே நுழைந்திருக்கும், பத்தி அடுத்த பக்கத்திலும் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே ஏற்றிய நூல்களை எல்லாம் திரும்பச் செய்யுங்கள் என்று கேட்கவில்லை, அது அநியாயம். அடுத்த நூலிலிருந்து செய்தால் போதும். பழையவற்றுக்கு இரண்டு உதவி மட்டும் செய்யுங்கள். கோப்பின் தலையில் ‘வரிகள் அச்சுப்படி’ அல்லது ‘வரிகள் பத்திப்படி’ என்று ஒரு குறிப்பு போடுங்கள், அதைப் பார்த்துத்தான் என்னைப் போன்றவர்கள் கருவியை ஓட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். அப்புறம், ஸ்கேன் படங்களை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கோப்புகளைத் தினமும் திறக்கும் ஒரு வாசகன்