உதடு அசைந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பசுமலையில் நாங்கள் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. அந்த அதிகாரி எல்லார் முன்னாலும் பேசிய பேச்சு இரவெல்லாம் காதில் ஓடுகிறது, ஜெபிக்க உட்கார்ந்தாலும் அதே பேச்சு என்றாய். எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை.

உன் சித்தப்பாவோடு வரப்புத் தகராறு நடந்தபோது உனக்கு ஐந்தாறு வயது. இரண்டு வருடம், சைக்கிளில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவனோடு சண்டைதான். அவன் கேட்பதாக நானே ஒரு கேள்வி வைப்பேன், பதிலும் நானே கொடுப்பேன். வெற்றி எப்போதும் எனக்குத்தான். ஒருநாள் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "யாரோடு பேசுகிறீர்கள்? உதடு அசைகிறதே" என்றாள் அம்மா. பார்த்தால், குடத்துத் தண்ணீர் செடியை விட்டுவிட்டு வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நம் சபைப் போதகர் ஆராதனையில் வேதாகமத்தின் முதலாம் சங்கீதத்தை எடுத்தார். "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வாசிக்கிறோமே, அங்கே எபிரெயு மொழியில் 'ஹாகா' என்று இருக்கிறது. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 38:14-இல் "புறாவைப்போல் புலம்பினேன்" என்பதும் அதே சொல். இரண்டாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திக்கிறார்களே, அதுவும் அதே சொல்தான். நான் பெஞ்சில் நெளிந்தேன். இரவும் பகலும் நான் தியானித்தது என் தம்பியை!

அதனால் மனதைக் காலியாக்கப் பார்க்காதே. நினைக்காதே என்றால் அதையேதான் நினைக்கும். அதன் வாயில் வேறொன்றைக் கொடு. 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களைக் கண்டு மலைக்காதே. எபிரெயு எழுத்து 22, எழுத்துக்கு எட்டு வசனமாக அடுக்கியிருக்கிறது. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்னால் ஒரே ஒரு வசனம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். ரயில்வே கேட் மூடியிருந்தால் எடுத்துப் பார்ப்பேன். முதலில் எழுதியது 165: "உம்முடைய வேதத்தை நேசிக்கிறவர்களுக்கு மிகுந்த சமாதானமுண்டு, அவர்களுக்கு இடறலில்லை." அது ஒரு மாதம் பையில் கிடந்து நைந்தது. வருடத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முடித்துக் கணக்குச் சொல்கிறவர்கள் சபையில் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை.

வசனம் சொன்னதும் கோபம் போய்விடாது. கோடையில் திருப்புவனம் பக்கம் வைகை வெறும் மணல். உன் அப்பத்தா ஒரு முழம் பறித்தால் முதலில் கலங்கல்தான் வரும். சிரட்டையால் இறைத்து இறைத்து ஊற்றிவிட்டுக் காத்திருப்பாள். அப்புறம்தான் தெளிந்து சுரக்கும். ஆடு மாடு கால் வைக்காதபடி கருவேலமுள்ளைச் சுற்றி வைத்துவிட்டு வீடு திரும்புவாள். "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதினிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்" என்று நீதிமொழிகள் 4:23-ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முள்தான் கண்ணில் வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த அலுவலக வாட்ஸ்அப் குழுவை நீ திறக்கத்தான் வேண்டுமா?

அந்த அதிகாரி பேசியது சரி என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைப் பகலில், நேரில் கேள். படுக்கையில் கேட்காதே.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் சித்தப்பாவைப் பார்த்தேன். "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் உதடு அசைந்ததாக அம்மா சொல்கிறாள். பாதி வசனம், பாதி வரப்பு.

இப்படிக்கு,
அப்பா