செயலாளர் ஆண்டறிக்கை: ஒரான்ஜ் திறந்தவெளி அரங்கின் வரலாற்றுப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இப்பொதுக்குழுக் கூட்டத்திற்கு வருகை தந்துள்ள உறுப்பினர் பெருமக்களுக்கும் என் பணிவான வணக்கம்.

தெற்குப் பிரான்சின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் சங்கமாகிய நம் சங்கம், சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, ஒரான்ஜ் நகரிலுள்ள ரோமானியத் திறந்தவெளி அரங்கின் வரலாற்றைத் தமிழில் எழுதுவதையே இந்த ஆண்டின் முதன்மைப் பணியாக மேற்கொண்டது. பொங்கல் விழாவும் மொழி வகுப்புகளும் வழக்கம்போல் குறைவின்றி நடந்தேறின. அவற்றின் விவரங்கள் முன்பே உங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டதால், இவ்வறிக்கையில் வரலாற்றுப் பணியை மட்டும் விரிவாக எடுத்துரைக்கிறேன். நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அந்த அரங்கைப் பார்த்து வருகிறார்கள். நம் உறுப்பினர்களில் சிலர் அறுவடைக் காலத்தில் அதைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். அப்படியிருந்தும் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் தமிழில் எடுத்துச் சொல்ல நம் கையில் ஒரு சிறு நூல்கூட இல்லாத குறையே இப்பணிக்குக் காரணமாயிற்று.

அரங்கின் தொடக்கத்தை அறிய, அதைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்தே தொடங்கினோம். கி.மு. 35ஆம் ஆண்டையொட்டி, இரண்டாம் படையணியில் பணி முடித்த வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்துவதற்காக ரோமானியர் உருவாக்கிய ஊரே அராவ்சியோ, அதாவது இன்றைய ஒரான்ஜ். அரங்குக்கு எதிரிலுள்ள அருங்காட்சியகத்தில், வெஸ்பாசியன் பேரரசர் கி.பி. 77இல் பொறிக்கச் செய்த பளிங்கு நிலப்பதிவேட்டின் துண்டுகள் வைக்கப்பட்டுள்ளன. முன்னாள் வீரர்களுக்கு வழங்கப்பட்ட நிலம் எது, நகரம் குத்தகைக்கு விட்ட நிலம் எது, மண்ணின் பூர்வ குடிகளான திரிகாஸ்தினி மக்களுக்குத் திருப்பித் தரப்பட்ட நிலம் எது என்பதெல்லாம் அதில் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து அரங்குக்குள் நுழைந்தால், கீழ்ப்படி ஒன்றில் 'ஈக்யூ ஜி மூன்று' என்ற ரோமானிய எழுத்துப் பொறிப்பு கண்ணில் படும். முதல் மூன்று வரிசைகள் குதிரைப்படைத் தகுதி பெற்ற செல்வந்தர்களுக்கு உரியவை என்பது அதன் பொருள். வயலில் இருந்த ஏற்றத்தாழ்வு அரங்கின் படிவரிசையிலும் அப்படியே இருந்தது என்பதை எங்கள் குழு அங்கே நேரில் உணர்ந்தது.

பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், செந்த்-எத்ரோப் குன்றின் சரிவைப் பார்வையாளர் படிகளுக்குத் தாங்கலாகக் கொண்டு இவ்வரங்கு கட்டப்பட்டது. அதன் பெருமைக்கெல்லாம் மூலம் மேடைச் சுவரே. 103 மீட்டர் நீளமும் 37 மீட்டர் உயரமும் கொண்ட அந்தச் சுவரைத் தம் நாட்டின் மிக அழகிய சுவர் என்று பதினான்காம் லூயி மன்னர் பாராட்டியதாகச் சொல்வார்கள். தெருப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால், சுவரின் மேற்பகுதியில் இரண்டு வரிசைகளாகத் துருத்தி நிற்கும் கற்களைக் காணலாம். வெயிலுக்கு மறைப்பாகத் துணிப்பந்தல் விரிப்பதற்கான கம்பங்களை அவையே தாங்கின. உட்பக்கத்தில் பளிங்குப் பூச்சும் தூண்களும் பெரும்பாலும் போய்விட்டன. நடு மாடத்தில் சுமார் மூன்றரை மீட்டர் உயரமுள்ள பேரரசர் சிலை மட்டும், உடைந்த துண்டுகளைச் சேர்த்து மீண்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது.

கிறிஸ்தவத் திருச்சபையின் எதிர்ப்பால் கி.பி. 391இல் அரங்கு மூடப்பட்டது. அதற்குப் பின் வந்த சூறையாடல்களையும் தீயையும் விரைவாகக் கடந்து, இடைக்காலத்திற்கும் 16ஆம் நூற்றாண்டு மதப்போர்களுக்கும் வருகிறேன். நம் குழுவில் மிக நீண்ட விவாதம் எழுந்தது இப்பகுதியைப் பற்றித்தான். போருக்கு அஞ்சிய மக்கள் அரங்கின் சுவர்களுக்குள் அடைக்கலம் புகுந்தனர். நாளடைவில் படிகள் மீதும் மேடை மீதும் வீடுகள் எழுந்து, அரங்கின் உட்புறமே ஒரு குடியிருப்பாக மாறியது. 17ஆம் நூற்றாண்டில் ஒரான்ஜின் இளவரசராயிருந்த மொரிஸ் நசோ, மேலே குன்றில் கோட்டை எழுப்பப் பழைய ரோமானியக் கட்டடங்களின் கற்களைப் பெயர்த்துப் பயன்படுத்தியபோதும் மேடைச் சுவர் தப்பியது. 1673இல் அந்தக் கோட்டையும் இடித்துத் தள்ளப்பட்டது, சுவரோ நின்றது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் கரிஸ்தியின் முயற்சியால் வீடுகள் அகற்றப்பட்டன. வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராயிருந்த ப்ரோஸ்பெர் மெரிமே இப்பணிக்குத் துணை நின்றார். 1840இல் பிரான்சின் முதல் பாதுகாப்புப் பட்டியலிலும் அரங்கு இடம்பெற்றது. வீடுகள் அகற்றப்பட்டதை மீட்பு என்று மட்டும் எழுதினால் போதும் என்பது உறுப்பினர்களில் ஒரு சாராரின் கருத்து. செயலாளர் என்ற முறையில் நான் அதற்கு உடன்படவில்லை. யாரும் பயன்படுத்தாமல் கைவிட்டிருந்தால் அந்தக் கட்டடமும் மற்றக் கட்டடங்களைப் போலக் கல் கல்லாகக் களவுபோயிருக்கும். அதற்குள் அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஏழை எளிய மக்களும் அந்தச் சுவரைக் காத்தவர்களே. நூலில் பேரரசருக்கு எவ்வளவு இடம் தருகிறோமோ அவ்வளவு இடத்தை அவர்களுக்கும் தர வேண்டும் என்ற முடிவைக் குழு இறுதியில் ஒருமனதாக ஏற்றது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1869 ஆகஸ்ட் 21ஆம் நாள், பல நூற்றாண்டு இடைவெளிக்குப் பின், மெயுல் இசையமைத்த 'ஜோசப்' என்னும் இசை நாடகம் அங்கு அரங்கேறியது. அது நடந்த காலத்தை உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ரோக்மோர் வட்டாரத்தில் 1860களின் முற்பகுதியிலேயே திராட்சைக் கொடிகள் காரணம் புரியாமல் காய்ந்து மடியத் தொடங்கின. அமெரிக்கக் கொடிகளுடன் வந்த ஃபிலோக்செரா என்னும் நுண்பூச்சி வேரில் இருந்து சாற்றை உறிஞ்சுவதே காரணம் என்பதை, 1868 ஜூலையில் சென்-ரெமி அருகே பிளான்ஷோன் முதலிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அதே ஆண்டுகளில் செயற்கைச் சாயம் உருவாக்கப்பட்டதால், இவ்வட்டாரத்தின் மற்றொரு பணப்பயிராகிய, சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேருக்கும் சந்தை சரிந்தது. தோட்டம் வறண்டு, சாயப்பயிரும் விலைபோகாத அந்த நெருக்கடிக் காலத்தில்தான் இவ்வூரார் தங்கள் பழைய அரங்கை விழாவுக்குத் திறந்தார்கள். எங்கள் ஆய்வில் என் மனத்தை மிகவும் தொட்டது இதுவே. பின்னாளில் அமெரிக்க வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித் தோட்டங்கள் மீண்டன. ஒரான்ஜ் நகர எல்லைக்குள்ளும் ஒரு பகுதி விரியும் ஷாத்தோநெஃப்-து-பாப் திராட்சை நிலத்திற்கு 1936இல் சட்டப்படியான பெயர்க்காப்பும் கிடைத்தது.

விழா அதன்பின் வளர்ந்தது. 1888இல் முனே-சுல்லி சோபோக்ளிஸின் இடிபஸ் மன்னனாக நடித்தார். 1902இல் விழாவுக்குக் 'கொரெஜி' என்ற பெயர் வந்தது. அடுத்த ஆண்டே சாரா பெர்னார் ரசீனின் 'ஃபேத்ர்' நாடகத்தில் தோன்றினார். 1971 முதல் அரங்கு பெரும்பாலும் இசை நாடகத்துக்கே உரியதாயிற்று. 1974 ஜூலை 20 இரவு மிஸ்த்ரால் என்னும் வறண்ட வடகாற்று மேடையில் புகுந்து வீச, மெல்லிய துணியும் அங்கியும் படபடக்க, பாடகி மோன்செராட் கபாயே பெல்லினியின் 'நோர்மா' இசை நாடகத்தைப் பாடிய படப்பதிவை நம் உறுப்பினர்களுக்குத் திரையிட்டுக் காட்டினோம். கொடியின் ஈரத்தை உலர்த்தி நோயைத் தடுப்பதால் தோட்டக்காரர் விரும்பும் அதே காற்று, பாடகர்களுக்குப் பெரும் சோதனையாகிறது. ஒலிபெருக்கி இல்லாமலே மேல்படி வரை குரல் எட்டுவதற்கு அந்தச் சுவரே துணை. 1981இல் யுனெஸ்கோ அரங்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2006இல் சுவரைக் காக்க மேடைக்கு மேல் எஃகும் கண்ணாடியும் கொண்ட புதிய கூரை போடப்பட்டது. பார்வைக்கு அக்கூரை கொஞ்சம் உறுத்தினாலும், மழைநீர் சுவரில் இறங்காமல் தடுப்பதால் அது தேவையானதே என்பது என் கருத்து.

நூலின் கையெழுத்துப் படி முடிந்துவிட்டது; வீடுகள் இருந்த காலத்தைப் பற்றிய இயலுக்கு மட்டும் நகர ஆவணங்களை இன்னும் படிக்க வேண்டியுள்ளது. அறுவடை வேலை முடிந்த மாலைகளிலும் களைப்பைப் பாராமல் வந்து மெய்ப்புப் பார்த்த உறுப்பினர்களுக்கும், பிரெஞ்சு மூலங்களைப் படித்து விளக்கிய இளைஞர் அணியினருக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டில் நூலை அச்சிடவும், செப்டம்பர் மாத மரபு நாள்களில் அரங்கைத் தமிழில் விளக்கிச் சுற்றிக்காட்டவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. இவ்விரு பரிந்துரைகளுக்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்